படிவம் நிரப்பிய பதினோரு பேர்

திங்கள் முதல் வெள்ளி வரை நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் குருவானவர். சனிக்கிழமை இரண்டுமாக இருக்க முயன்று, கடைசியில் துணி துவைப்பேன்.

வீடு பாளையங்கோட்டையில். கோயில் பேட்டையில், தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சிறிய கட்டடம். ஞாயிறு காலையில் ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஸ்கூட்டரில் போவேன். வெள்ளை அங்கி பையில் மடித்து இருக்கும். ஒருமுறை கோயிலுக்குப் போய்ப் பையைத் திறந்தால் அங்கிக்குப் பதிலாக முதுகலை மாணவர்களின் விடைத்தாள் கட்டு இருந்தது. அன்றைக்குச் சட்டையோடு ஆராதனை நடத்தினேன். கமிட்டிப் பெரியவர் ஒருவர் அதை ஆறு மாதம் விடாமல் ஞாபகப்படுத்தினார். விடைத்தாள்களை நான் திருத்தித் தர அதைவிட அதிக நாள் ஆனதால் மாணவர்களும் ஞாபகப்படுத்தினார்கள்.

என்னுடைய குருப்பட்டத்துக்கு முன்னால் 'கௌரவ' என்று ஒரு சொல் உண்டு. சம்பளம் கிடையாது என்று அதற்கு அர்த்தம். கௌரவம் உண்டா என்பதை எங்கள் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சபையார் என்னைப் 'புரொபசர் ஐயர்' என்பார்கள். எங்கள் பக்கத்துப் புராட்டஸ்டண்டுகளுக்குக் குருவானவர் என்றால் ஐயர்தான், அதில் சாதி ஒன்றும் இல்லை. துறையில் எல்லாரும் 'ஃபாதர் சார்' என்பார்கள். நாங்கள் ஃபாதர் வகையறா இல்லை என்று முதல் பத்து வருடம் விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

மாணவர்களின் புகார், வகுப்பு பிரசங்கம் மாதிரி இருக்கிறது என்பது. சபையின் புகார், பிரசங்கம் வகுப்பு மாதிரி இருக்கிறது என்பது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து, நான் சரியாகத்தான் இருக்கிறேன் என்ற முடிவுக்கு வந்திருந்தேன்.

இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் இருந்ததால் உலகத்துக்கு ஏதாவது பயன் உண்டா என்று கேட்டால், ஒரே ஒரு முறை உண்டாயிற்று. அதற்கு விலையாகப் பேட்டைக் கோயில் என் கையை விட்டுப் போயிற்று. அந்தக் கதை பல விதமாக ஊரில் உலவுகிறது. எனக்குப் பெண்டாட்டியோடு சண்டை, அதனால் ஞாயிற்றுக்கிழமை தூரமாகப் போகிறேன் என்றுகூட ஒரு வடிவம் இருக்கிறது. நடந்தது இதுதான்.

என்னிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தவர்களில் ஒருவர் என்னைப் போலவே குருவானவர். முழுநேரக் குருவானவர். வேதசாஸ்திரக் கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் இளையவர், அறுபது கிலோ எடையில் பார்த்த ஆள், இப்போது தொண்ணூறு. பேச்சு நன்றாக வரும். யாருடைய பிள்ளை எந்த வகுப்பு என்பது வரை ஞாபகம் வைத்திருப்பார். எந்தக் குருவானவரை எந்தக் கோயிலுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் குழுவில் அவருக்கு இடம் இருந்தது. அந்தக் குழுவில் அவர் சொல்லுக்கு இருந்த எடையும் வருடா வருடம் கூடிக்கொண்டு வந்தது.

அவருக்கு ஒரு கல்லூரி முதல்வர் பதவி மேல் கண். அதற்கு முனைவர் பட்டம் வேண்டும். நான்கு வருடம் முன்னால் ஒரு பை சாத்துக்குடியோடு வந்து, "அண்ணே, நீங்கதான் நெறியாளரா இருக்கணும்" என்றார். அண்ணே என்றது அந்த ஒரு நாள்தான். பதிவு முடிந்த மறுநாளிலிருந்து பழையபடி 'வே' ஆகிவிட்டேன்.

தலைப்பு நான் கொடுத்தது: எங்கள் பக்கத்துச் சபைகளில் மக்கள் ஏன் கோயிலுக்கு வருகிறார்கள், ஏன் வராமல் போகிறார்கள். வீடு வீடாகப் போய் ஒரு வினாப்படிவத்தை வைத்துக்கொண்டு குடும்பத் தலைவர்களிடம் கேட்க வேண்டும். ஒவ்வொரு கூற்றுக்கும் 'முழுமையாக உடன்படுகிறேன்' என்பதிலிருந்து 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டம். ஒன்றில் டிக் போட வேண்டும். இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. கால் வலிக்கும், கூப்பிட்ட வீட்டிலெல்லாம் காப்பி குடித்து வயிறு கெடும், நாய் துரத்தும். எங்கள் துறையில் அதற்குப் பெயர்தான் களப்பணி.

ஐந்து சபைகளைத் தேர்ந்தெடுத்தார். ஐந்தாவது என் பேட்டைக் கோயில். குடும்பத் தலைவர்களின் பட்டியல் வேண்டும் என்று கேட்டார். கொடுத்தேன்.

இந்த இடத்தில் அந்தப் பட்டியலைப் பற்றி நான் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கோயிலில் அசனப் பண்டிகை அன்று எல்லாரும் கூடிச் சாப்பிடுவதோடு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு சோறும் கறிக்குழம்பும் கொடுத்தனுப்புவோம். அப்போது பட்டியலைப் பார்த்துக் குடும்பத் தலைவரின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட வேண்டும். அந்த வீட்டு ஆள் எழுந்து வந்து தூக்குச் சட்டியை நீட்டுவார்.

பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருந்த ஒருவர் இருந்தார். ஆராதனை நேரம் முழுக்க வெளியே வேப்பமரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். மனைவியைக் கொண்டுவந்து விட்டுத் திரும்பக் கூட்டிப்போவது மட்டும்தான் அவருடைய மார்க்கக் கடமை. ஒருமுறை, "உள்ள வாரும் அண்ணாச்சி" என்று கூப்பிட்டதற்கு, "வேண்டாம் ஐயரே. ஒம்ம பிரசங்கம் வெளிய நல்லாக் கேக்கு. உள்ள வந்தாத்தான் தூக்கம் வருது" என்றார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். நெஞ்சுவலியில் போனார். நான்தான் அடக்கம் பண்ணினேன். பட்டறை ஆட்கள் இயந்திரம் இறக்குவதைப் போலப் பெட்டியை அவ்வளவு பதமாகக் குழிக்குள் இறக்கினார்கள்.

அடுத்த வாரம் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டு மனைவி பெயரை எழுதப் பேனாவை எடுத்தேன். அந்த அம்மா அலுவலறை வாசலில் வந்து நின்றார்.

"ஐயரே, அவுக பேரை அடிச்சிராதீங்க."

"அடிக்கலம்மா. மாத்தி உங்க பேரை எழுதுதேன்."

"எம் பேரு எதுக்கு? அசனத்துக்கு அவுக பேரைத்தான கூப்பிடுவிய. வருசத்துல ஒரு நாளு மைக்குல அவுக பேரு வரும். அதையும் வெட்டிட்டா எப்படி?"

பேனாவை மூடிவிட்டேன். சமூகவியல் பேராசிரியருக்குத் தெரியும், செத்தவர் பெயர் இருக்கிற பட்டியல் பட்டியலே இல்லை என்று. ஆனால் அன்றைக்கு வெள்ளை அங்கியில் இருந்தேன். அதற்குப் பிறகு யார் இறந்தாலும் பெயரை அடிக்கவில்லை. ஒரு வீட்டுக்குக் கொடுத்த சலுகையை அடுத்த வீட்டுக்கு எப்படி மறுப்பது? எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. வேப்பமரம் நட்டவரின் பெயர்கூட அதில் இருந்தது.

அந்தப் பட்டியலைத்தான் ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் நகலெடுத்துக் கொடுத்தேன். மறந்துவிட்டேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். மறக்கவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. போய்க் கதவைத் தட்டுகிறவருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடப் போகிறது, அவ்வளவுதானே?

எட்டு மாதத்தில் ஆய்வேடு வந்தது. ஆய்வேட்டைவிட வேகமாக வந்தது நான் கையெழுத்துப் போட வேண்டிய நெறியாளர் சான்றிதழ். இந்த ஆய்வு என் நேரடி மேற்பார்வையில் நடந்தது, இதிலுள்ள தரவுகள் உண்மையானவை என்று நான் உறுதி சொல்லும் தாள். தட்டச்சு செய்து, தேதி போட்டு, என் பெயருக்குக் கீழே இடம் விட்டு, எங்கே கையெழுத்து என்று பென்சிலால் ஒரு புள்ளியும் வைத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து படித்தேன். அட்டவணைகள் அழகாக இருந்தன. ஐந்து சபைகளில், குருவானவரின் பிரசங்கம் அன்றாட வாழ்வுக்குப் பயன்படுகிறது என்பதற்கு மிக அதிக ஆதரவு பேட்டைச் சபையில்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த அட்டவணையை மூன்று தடவை பார்த்தேன். அடுக்களையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இது உங்க கோயிலா?"

"ஆமா."

"பேட்டையா?"

"ஆமாங்கேன்லா."

"இந்தக் கணக்கு எங்கயோ இடிக்கு" என்றாள். "நானே முழுமையா உடன்படமாட்டேனே."

கோபத்தில்தான் படிவக் கட்டை எடுத்தேன், அவளுக்கு நிரூபிப்பதற்காக. கையெழுத்துப் போடும் முன் நெறியாளர் மூலப் படிவங்களைப் பார்க்க வேண்டும் என்பது விதி. எத்தனை நெறியாளர்கள் பார்க்கிறார்கள் என்பதை ஆராய்ந்தால் அதுவே ஒரு முனைவர் பட்டத்துக்குத் தாங்கும். அந்த முதலிடம் மட்டும் வேறு சபைக்குப் போயிருந்தால் நானும் பார்த்திருக்கமாட்டேன்.

நான்காவது படிவத்தில் லேத்துப் பட்டறை அண்ணாச்சியின் பெயர் இருந்தது. தொழில்: சுயதொழில். தேதி, நான் அவரை அடக்கம் பண்ணி இரண்டு வருடம் கழித்து. 'ஞாயிறு ஆராதனையில் தவறாமல் பங்கேற்கிறேன்' என்பதற்கு, முழுமையாக உடன்படுகிறேன். 'பிரசங்கத்தின்போது என் கவனம் சிதறுவதில்லை' என்பதற்கும் முழுமையாக உடன்படுகிறேன். செத்தபிறகு மனுஷருக்கு எவ்வளவு பக்தி கூடியிருக்கிறது! உயிரோடு இருந்தவரை வேப்பமரத்தடியைத் தாண்டாதவர்.

ஒன்றொன்றாகப் புரட்டினேன். மருந்துக்கடை வைத்திருந்தவர். நான்தான் அடக்கம் பண்ணினேன். ஓய்வுபெற்ற தபால்காரர், அவரையும். வேப்பமரம் நட்டவர், எனக்கு முன்னால் இருந்த ஐயர் அடக்கம் பண்ணியவர். அவர் எதிர்காலத் திட்டங்களில் சபை இளைஞர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று கருத்துச் சொல்லியிருந்தார். மொத்தம் பதினோரு பேர். உயிரோடு இருந்தவர்களின் படிவங்களிலும் டிக்குகள் எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரே இடத்தில் உட்கார்ந்து ஃபேன் காற்றில் ஒரே மூச்சில் போட்டவை.

வேறொரு பேராசிரியர் பார்த்திருந்தால் அந்தப் பெயர்கள் பெயர்கள்தான். வேறொரு ஐயர் கைக்குப் படிவமே போயிருக்காது. இருபத்திரண்டு வருடம் இரண்டு வேலையையும் அரைகுறையாகப் பார்த்த எனக்கு மட்டும்தான் அது தெரியும்படி அமைந்தது. அதைத் தெரியாததுபோல் விடுவதானால் இரண்டு வேலையும் எதற்கு?

திங்கட்கிழமை ஆய்வேட்டுக்காரர் துறையில் என் அறைக்கு வந்தார். வெள்ளை அங்கியில் வந்திருந்தார், நேராக ஏதோ கூட்டத்துக்குப் போக வேண்டுமாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன வே, கையெழுத்துப் போட்டாச்சா?"

லேத்துப் பட்டறைப் படிவத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"இவரை எப்பம் பாத்தீரு?"

கொஞ்சமும் அசரவில்லை. "பேரெல்லாம் ஞாபகம் இருக்குமா? பேட்டையில ஒரு வீட்டுல."

"எந்த வீட்டுல? இவரு இப்பம் இருக்க இடத்துக்கு வாசக்கதவு கிடையாது."

படிவத்தை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மனிதருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் முகத்தில் வெட்கம் வருவதற்குப் பதிலாக வாதம் வந்தது. அந்தத் திறமை எனக்கு இருந்திருந்தால் நானும் இப்போது பெரிய ஆளாக இருந்திருப்பேன்.

"ஒருத்தரு தவறிப் போயிருக்கலாம்."

"பதினோரு பேரு."

"சரி, எடுத்துரும். எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான? சராசரி மாறாது."

"மாறாதுன்னு உமக்கு எப்படித் தெரியும்?"

"அட, நான்தான வே போட்டேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. நான் சிரித்துவிட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்தது. பழைய விடுதி நாட்கள் மாதிரி ஒரு நிமிடம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்த ஒரு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேனோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

அவர்தான் அவசரப்பட்டார். "இருக்கவுக மட்டும் உள்ளதைச் சொல்லுதாகளா? ஐயரே வந்து ஐயரைப் பத்திக் கேட்டா, எவன் மறுக்கிறேன்னு டிக்கு போடுவான்? நான் போய்க் கேட்டாலும் இதேதான் வந்திருக்கும். நீரு பெரிய நீதிமானா? பட்டியலைத் தந்தது யாரு? செத்தவுக பேரை வச்சிக்கிட்டுத் திரியிறது உம்ம சபை. தப்பு உம்ம வீட்டுல வே."

அது சுட்டது. ஏனென்றால் பாதி உண்மை.

"பட்டியல் என் தப்புதான்" என்றேன். "எங்க வேணுன்னாலும் எழுதித் தாரேன். ஆனா கதவைத் தட்டியிருந்தா அந்தத் தப்பு உம்மை ஒண்ணும் செய்திருக்காது. அந்த அம்மா காப்பி குடுத்து உட்கார வச்சு, அவுக போயிட்டாகன்னு சொல்லியிருக்கும். வெளிய உக்காந்து பேப்பர் படிச்ச கதையெல்லாம் சொல்லியிருக்கும். உம்ம ஆய்வேட்டுலயே உருப்படியான பக்கம் அதா இருந்திருக்கும்."

"உம்ம பிரசங்கத்துக்கு நல்ல மார்க்கு போட்டிருக்கேன்லா. அதாவது ஞாபகம் இருக்கா?"

"அதுலதான் வே மாட்டினீரு."

எழுந்து அங்கியை உதறினார். போகிற போக்கில் வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, "மாற்றல் பட்டியல் அடுத்த மாசம் வருது. பேட்டையில நீரு ரொம்ப நாளா இருக்கீரு. யோசிச்சுக்கிடும்" என்றார். மிரட்டல்கூட அன்பாகத்தான் வரும் அவருக்கு.

யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். பேட்டைக் கோயில் எனக்குச் சம்பளம் தந்ததில்லை. ஆனால் பன்னிரண்டு வருடம் அங்கே ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகள் இப்போது பாடகர் குழுவில் கரகரத்த குரலில் பாடுகிறார்கள். யார் வீட்டுப் படி வழுக்கும் என்பது வரை எனக்குத் தெரியும். வெறும் ஒரு கையெழுத்துத்தான். அந்த ஆய்வேட்டை ஒரு பிராணியும் படிக்கப் போவதில்லை. நூலகத்தில் ஒரு அலமாரியில் போய்ப் படுக்கும். ஒரு வாரம் முழுக்க இந்த வாதங்களை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுமையாக உடன்படுகிறேன் என்று டிக் போடும் நிலைக்குக்கூட வந்துவிட்டேன்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு இடத்தில் முட்டியது. குழிக்குமுன் நின்று 'மண்ணுக்கு மண்' என்று சொன்ன வாயால், அந்த அண்ணாச்சி போன வருடம் வினாப்படிவத்துக்குப் பதில் சொன்னார் என்று உறுதி சொல்ல வேண்டும். ஏதாவது ஒன்று பொய்யாக வேண்டும். அண்ணாச்சி செத்தது பொய் என்று அந்த அம்மாவிடம் போய் யார் சொல்வது?

பென்சில் புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டு, சான்றிதழைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பினேன். கூடவே ஆய்வுக்குழுவுக்கு ஒரு கடிதம்: கள ஆய்வு மறுபடி செய்யப்பட வேண்டும், தவறான பட்டியலை அளித்தது நெறியாளரின் குற்றம். துறையில் சிலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஃபாதர் சார், இதெல்லாம் எழுத்தில் கொடுக்கலாமா என்றார்கள். எழுத்தில் கொடுக்காமல் வேறு எதில் கொடுப்பது?

அடுத்த மாதம் கடிதம் வந்தது. 'மேய்ப்புப் பணியின் நலன் கருதி' நான் பேட்டையிலிருந்து விடுவிக்கப்பட்டு, திசையன்விளைக்கு அப்பால் ஒரு சிறிய கோயிலுக்கு நியமிக்கப்பட்டிருந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதைவிடக் கொஞ்சம் அதிகம். கௌரவக் குருவானவர் இப்படிப்பட்ட நியமனத்தை மறுக்கலாம். மறுத்தால் கோயில் எதுவும் இல்லாமல் வீட்டில் இருக்கலாம். அவர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

மனைவி கடிதத்தைப் படித்துவிட்டு, "எத்தனை மணி பஸ்ஸு?" என்றாள். அதோடு அந்த விவாதம் முடிந்தது.

பேட்டையில் கடைசி வாரம் செய்தது ஒன்று உண்டு. பட்டியலை எடுத்துக்கொண்டு பதினோரு வீடுகளுக்கும் போனேன். பெயரை அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவைக் குறி, அடக்கமான தேதி, அதற்குக் கீழே வீட்டில் இப்போது இருப்பவரின் பெயர். லேத்துப் பட்டறை அம்மாவிடம் கடைசியாகப் போனேன். விஷயம் அதற்குள் அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"அவுக என்னமோ பரீட்சை எழுதுனாகளாமே?"

"ஆமாம்மா. என் பிரசங்கம் பிரமாதம்னு எழுதியிருந்தாக."

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அப்பம் அது அவுக இல்ல" என்றார். பிறகு பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "சிலுவை போட்டா அடிச்சதாவாது. மைக்குல கூப்பிடுவாகல்லா?" என்று கேட்டார். கூப்பிடுவார்கள் என்று எழுதிவைத்துவிட்டுத்தான் வந்தேன்.

திசையன்விளைப் பக்கம் மண் சிவப்பு. காற்று புழுதியை அள்ளி அங்கியில் பூசும், முதல் மாதத்திலேயே வெள்ளை அங்கி காவி அங்கி ஆகிவிட்டது. சபையில் நாற்பது பேர் வந்தால் அது பண்டிகை. மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர்தான் கமிட்டி, பொருளாளர், மணி அடிப்பவர் எல்லாம். முதல் ஞாயிறே என்னைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

"ஐயரே, நீங்க படிச்சவுகன்னு கேள்விப்பட்டோம். சந்தோசம். ஒங்க பஸ்ஸு பதினொண்ணே காலுக்கு. அதை விட்டா ரெண்டு மணிக்குத்தான். அதை மனசுல வச்சுப் பேசுங்க."

இருபத்திரண்டு வருடம் கமிட்டிகளும் மாணவர்களும் சாதிக்க முடியாததை ஒரு பஸ் சாதித்தது. இப்போது என் பிரசங்கம் பன்னிரண்டு நிமிடம்.

ஏழாம் மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடியும் நேரத்தில் வெளியே ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அவர்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆசீர்வாதம் வாங்கினார். எல்லாரும் போன பிறகு அலுவலறைக்கு வந்தார். அங்கே ஒரு மேசை, ஒரு பெஞ்சு. பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இளைச்சிட்டீரே."

"காத்து நல்லா வருது."

"நான் ஒண்ணும் பகை பாராட்டல வே. நெறியாளரை மாத்திக்கிடுதேன். உம்ம தடையில்லாச் சான்று மட்டும் வேணும். நீரு ஆய்வேட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். ஆட்சேபம் இல்லைன்னு ஒரு கையெழுத்து. வேற ஒருத்தரு பொறுப்பெடுத்துக்கிடுவாரு." பையிலிருந்து படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பேட்டையில இப்பம் இருக்கவரு மாற்றல் கேக்காரு. அந்த இடம் காலியாகுது" என்றார்.

பேட்டை. ஸ்கூட்டர், பாலம், அரை மணி நேரத்தில் வீட்டில் இட்லி. இதை வீரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆசைப்பட்டேன்.

"அதே படிவங்கதானா?" என்றேன்.

"பதினொண்ணையும் எடுத்தாச்சு."

"மிச்சம்?"

பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"நேரம் இருக்கு வே" என்றேன். "புதுசா அச்சடிச்சுக் கொண்டாரும். இங்கனயே ஆரம்பிப்போம். நாப்பது வீடு. நானும் கூட வாரேன். ஒவ்வொரு கதவா பையத் தட்டுவோம். ரெண்டு மாசத்துல முடிஞ்சிரும். முடிஞ்ச அன்னைக்கு நானே கையெழுத்துப் போட்டு, நானே கொண்டுபோய்ச் சேர்க்கேன்."

ஒரு கணம் அவர் உண்மையிலேயே யோசித்தார் என்று நம்புகிறேன். ஜன்னலுக்கு வெளியே மளிகை அண்ணாச்சி நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"முதல்வர் பதவிக்கு நேர்காணல் அடுத்த மாசம் வே. அதுக்கெல்லாம் எங்க நேரம்? சும்மா போடும்."

பேனாவை எடுத்தேன். அவர் முகம் மலர்ந்தது. படிவத்தில் 'ஆட்சேபம் உண்டு', 'ஆட்சேபம் இல்லை' என்று இரண்டு இருந்தன, ஒன்றை அடிக்க வேண்டும். 'இல்லை' என்பதை அடித்தேன். காரணம் என்ற இடத்தில் இரண்டு வரிக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். ஒரு வரி போதுமானதாக இருந்தது. 'கள ஆய்வு நடக்கவில்லை' என்று எழுதி, தேதி போட்டு, முழுக் கையெழுத்தையும் போட்டு அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

படித்தார். கழுத்து சிவந்தது. "இந்தப் பிடிவாதத்துக்கு உமக்கு என்ன கிடைச்சுது? சொல்லும். என்ன கிடைச்சுது?"

"பன்னெண்டு நிமிசத்துல பிரசங்கம் பண்ணப் படிச்சேன்."

"இதைவிடத் தூரமாவும் கோயில் இருக்கு. ஞாபகம் வச்சுக்கிடும்."

கார் கிளப்பிய புழுதி அடங்கும் வரை வாசலில் நின்றேன். அண்ணாச்சி கையைக் கழுவிவிட்டு வந்து, "பஸ்ஸு போயிட்டே ஐயரே. யாரு அவரு?" என்றார். என் மாணவர் என்றேன். "மாணவரா? அவருக்கே பேரன் இருக்கும் போலிருக்கே" என்று ஆச்சரியப்பட்டவர், வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனார். கருவாட்டுக் குழம்பு. இரண்டு மணி பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது.

பதிவேட்டின்படி அவர் இன்னும் என் மாணவர்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருடைய முன்னேற்ற அறிக்கை என் மேசைக்கு வருகிறது. 'முன்னேற்றம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். அந்த முதல்வர் பதவி வேறு ஒருவருக்குப் போய்விட்டது, அதற்காக எனக்குச் சந்தோஷமும் இல்லை. என் பங்குக்கு அந்த அழைப்பை வாபஸ் வாங்கவில்லை, அவர் எந்த ஞாயிறு படிவத்தோடு வந்தாலும் நடக்கத் தயார். எனக்கு ஓய்வுபெற இன்னும் ஆறு வருடம் இருக்கிறது, கால் நன்றாகத்தான் இருக்கிறது.

மாற்றல் பட்டியல் இந்த வருடமும் வரப்போகிறது என்கிறார்கள். இன்னும் தெற்கே என்னை அனுப்பலாம். திசையன்விளைக்குத் தெற்கே கொஞ்சம் தேரிமணல், கொஞ்சம் பனை, பிறகு கடல். கடலுக்குள் எங்களுக்குச் சபை எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இருந்தால் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுச் சொல்லட்டும்.